தேர்த்துகளின் யாப்பு

திருமுதுகுன்றத்து இறைவன் அளித்த பன்னீராயிரம் பொன்னைச் சுந்தரர் மணிமுத்தாற்றில் இட்டுத் திருவாரூர்க் கமலாலயத்தில் எடுத்தார் என்பது விருத்தாசலத்துச் சிறாரும் அறிந்த வரலாறு. ஆற்றிலே போட்டுக் குளத்திலே தேடுதல் என்னும் வழக்கினை இதனோடு சேர்த்தே கேட்டு வளர்ந்தவர்கள் நாம். ஆயினும் சேக்கிழார் கூறும் செய்தியில் நாம் மிகுதியாகப் பேசாத கூறு ஒன்று உண்டு. பொன்னை ஆற்றில் இடுமுன் அதிலிருந்து சிறிது வெட்டி மச்சமாக வைத்துக்கொண்டார் சுந்தரர். குளத்தில் எடுத்த பொன்னை அம்மச்சத்தோடு ஒப்பிட்டு உரைத்துப் பார்த்தபோது மாற்றுக் குறைந்திருந்தது. மீண்டும் பாடிய பின்னரே இரண்டும் ஒத்தன. இறைவன் தந்த பொன்னாயினும் உரைத்துப் பார்த்தே ஏற்கவேண்டும் என்பது அந்நிகழ்ச்சியில் அடங்கிய அறிவு.

நூல்களின் நிலையும் இதுவே. முன்னோர் ஓலையில் இட்டதை நாம் அச்சில் எடுக்கிறோம். அச்சிலிருந்து மலருக்கும், மலரிலிருந்து இணையத்துக்கும் அது கை மாறுகிறது. வழியில் மாற்றுக் குறைந்ததா என்று அறிய ஓர் உரைகல் வேண்டும். செய்யுளுக்கு அவ்வுரைகல் யாப்பு. ஒரு வெண்பாவில் சீர் சிதைந்தால் தளை தட்டும். தட்டிய இடத்தில் நேரசை வரவேண்டுமா நிரையசை வரவேண்டுமா என்பதையும் முன்நின்ற சீரே காட்டிவிடும். எண்களுக்கு இத்தகைய உரைகல் உண்டா என்பதே இக்கட்டுரையின் வினா. உண்டு என்பதும், அதனைக் கொண்டு நாம் பெருமையோடு எடுத்தோதிவரும் ஒரு பட்டியலின் பிழையைக் களையலாம் என்பதும் இங்கு நிறுவப்படும்.

முந்திரியும் அதன் கீழும்

தமிழர் எண்களை மேல்வாயிலக்கம், கீழ்வாயிலக்கம் என இரண்டாக வகுத்தனர். ஒன்றும் அதற்கு மேற்பட்டனவும் மேல்வாய்; ஒன்றினும் குறைந்த பின்னங்கள் கீழ்வாய். கால், அரைக்கால், மாகாணி என்பன 4, 8, 16 எனப் பகுத்து வருவன. மா என்பது இருபதில் ஒன்று. காணி என்பது எண்பதில் ஒன்று. 16, 20 ஆகிய இரண்டாலும் மீதியின்றி வகுபடும் மிகச் சிறிய எண் 80 ஆதலின், மாகாணியையும் மாவையும் இணைக்கும் பாலமாகக் காணி அமைந்தது. மாவில் மாகாணி பங்கு முந்திரி. அதாவது 320இல் ஒன்று. அம்முந்திரியை மீண்டும் 320ஆகப் பகுத்தால் வருவது கீழ்முந்திரி. அது 1,02,400இல் ஒன்று.

இவை ஏட்டளவில் நின்ற எண்கள் அல்ல. தஞ்சைப் பெரிய கோயிற் கல்வெட்டுகளில் நிலங்கள் வேலி, மா, காணி, முந்திரி எனவும், அவற்றின் கீழும், கீழுக்குக் கீழும் கணக்கிடப்பட்டன. முதலாம் இராசராசன் (985–1014) காலத்தில் ஒரு வேலியின் 5242 கோடியே 88 இலட்சத்தில் ஒரு பங்குவரை கணக்கு இறங்கியதாகச் சோழர் வரலாற்று நூல்கள் குறிப்பிடுகின்றன. பிற்கால வழக்கின்படி வேலியை ஏறத்தாழ 6.74 ஏக்கர் எனக் கொண்டால் அப்பங்கு அரைச் சதுர மில்லிமீட்டர் அளவினது. எந்த அளவுகோலும் நிலத்தில் அதனைத் தொட்டிருக்க இயலாது. அது கோலால் வந்ததன்று. பெருக்கலாலும் வகுத்தலாலும் கணக்கில் வந்தது.

52428800000 என்னும் அவ்வெண்ணை அதன் பகாக் காரணிகளாகப் பிரித்துப் பார்க்கலாம். தன்னாலும் ஒன்றாலும் அன்றி வேறெதனாலும் வகுபடாத 2, 3, 5, 7, 11 முதலியன பகா எண்கள். எழுத்துகளால் சொல் ஆவதுபோலப் பகா எண்களின் பெருக்கத்தால் ஒவ்வொரு முழு எண்ணும் ஆகிறது. வரிசை மாற்றம் தவிர அப்பிரிப்பு ஒரே வகையில்தான் அமையும். சோழர் கணக்கின் இவ்வெண்ணில் 2 இருபத்து நான்கு முறையும் 5 ஐந்து முறையும் வருகின்றன. வேறு பகா எண் ஒன்றும் இல்லை. நான்கு முந்திரிகளை ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கி, இன்னும் ஐந்தாகப் பகுத்த எண் அது. பாதி, கால், இருபதில் ஒன்று என நடைமுறையில் பகுத்துப் பகுத்து வந்த கணக்கு என்பதற்கு அதன் காரணிகளே சான்று.

தேர்த்துகள் வரை ஒரு பட்டியல்

கீழ்முந்திரிக்கும் கீழே செல்லும் ஒரு பட்டியல் தமிழகத்தில் பரவலாக வழங்குகிறது. கொறுக்கையூர்க் காரி நாயனார் இயற்றியதாகச் சொல்லப்படும் கணக்கதிகாரத்தின் மரபினது என அதனைக் கூறுவர். இம்மி, மும்மி, அணு, குணம், பந்தம், பாகம், விந்தம், நாகவிந்தம், சிந்தை, கதிர்முனை, குரல்வளைப்படி, வெள்ளம், நுண்மணல், தேர்த்துகள் என்பன அதன் பெயர்கள். கவிஞர் எவரும் இப்பெயர் வரிசையில் ஒரு கணம் நின்றே செல்வர். இம்மியளவும் என்றும் அணுவளவும் என்றும் நாம் இன்றும் வழங்குவனவற்றுக்குத் திட்டமான அளவு இருந்தது என்பது மகிழ்ச்சிக்குரியது. 'வெள்ளம்' என்னும் பெயர் மேலும் வியப்பூட்டும். தொல்காப்பிய எழுத்ததிகாரத்தில் ஐ, அம், பல் என முடியும் எண்ணுப் பெயர்களுக்கு விதி உண்டு. அதற்குத் தாமரை, வெள்ளம், ஆம்பல் என எடுத்துக்காட்டுவர் உரையாசிரியர். பேரெண்ணின் பெயராகிய அதே வெள்ளம் இப்பட்டியலில் மிக நுண்ணிய பின்னத்துக்குப் பெயராகிறது. அளக்கவொண்ணாமை இருபுறமும் ஒன்றே எனக் கருதினர் போலும்.

பெயர்கள் அழகியனவாயினும் அவற்றைக் கொண்டு வரிசையை உறுதி செய்ய இயலாது. நீட்டலளவை வாய்பாட்டில் எட்டு அணு ஒரு தேர்த்துகள். அங்கே அணுவே சிறியது. பின்னப் பட்டியலிலோ அணு பெரியது, தேர்த்துகள் சிறியது. ஆகவே எண்களையே கேட்கவேண்டும்.

இம்மி முதல் சிந்தை வரை அச்சில் வரும் எண்கள் பிழையின்றி இயங்குகின்றன. கீழ்முந்திரியின் 102400ஐ 21ஆல் பெருக்க இம்மி 2150400. அதனை 11ஆல் பெருக்க மும்மி 23654400. அங்கிருந்து முறையே 7, 9, 5, 6, 7, 17, 14 எனப் பெருக்கிவர, அணு 165580800, குணம் 1490227200, பந்தம் 7451136000, பாகம் 44706816000, விந்தம் 312947712000, நாகவிந்தம் 5320111104000, சிந்தை 74481555456000 என வருகின்றன. ஒவ்வொன்றும் தன் முன்னதன் முழு மடங்கு. தளை தட்டவில்லை.

அடுத்த ஐந்து வரிகள் பரவலாகக் காணப்படும் வடிவம் இது:

கதிர்முனை – 489631109120000
குரல்வளைப்படி – 9585244364800000
வெள்ளம் – 575114661888000000
நுண்மணல் – 57511466188800000000
தேர்த்துகள் – 2323824530227200000000

கதிர்முனையைச் சிந்தையால் வகுத்தால் ஏறத்தாழ 6.57 வருகிறது. குரல்வளைப்படியைக் கதிர்முனையால் வகுத்தாலும் முழு எண் வரவில்லை. இதுவரை முழு மடங்காக இறங்கிவந்த படிகள் இங்கே ஏன் இடறுகின்றன?

ஒன்பது என்னும் மச்சம்

நம் பீங்கான் தொழிற்பேட்டையில் சூளையிலிருந்து இறக்கிய கலத்தை விரலால் தட்டிப் பார்ப்பர். கண்ணுக்குத் தெரியாத கீறலை ஓசை காட்டிக்கொடுக்கும். எண்ணையும் அவ்வாறு தட்டிப் பார்க்க ஓர் எளிய வழி உண்டு. 10, 100, 1000 முதலிய ஒவ்வொன்றையும் 9ஆல் வகுத்தால் 1 மிஞ்சும். ஆகவே ஓர் எண்ணை 9ஆல் வகுத்து மிஞ்சுவதும், அதன் இலக்கங்களைக் கூட்டி 9ஆல் வகுத்து மிஞ்சுவதும் ஒன்றே. பட்டியலில் அணுவிலிருந்து குணத்துக்கு இறங்கும்போது 9ஆல் பெருக்குகிறோம். ஆதலின் குணம் முதல் கீழே உள்ள ஒவ்வோர் எண்ணும் 9ஆல் வகுபட்டாக வேண்டும். இதுவே சுந்தரர் வைத்துக்கொண்ட மச்சம் போன்றது.

உரைத்துப் பார்ப்போம். குணத்தின் இலக்கங்களைக் கூட்டினால் 27, பந்தம் 27, பாகம் 36, விந்தம் 36, நாகவிந்தம் 18, சிந்தை 54. அனைத்தும் ஒன்பதின் மடங்குகள். கதிர்முனையில் கூட்டுத்தொகை 44, ஒன்று குறைகிறது. குரல்வளைப்படியில் 58, ஐந்து குறைகிறது. வெள்ளத்தில் 60, மூன்று குறைகிறது. நுண்மணலிலும் 60, மூன்று குறைகிறது.

குறைந்த இலக்கம் இன்னது என எண்ணே சொல்லிவிட்டது. அது நின்ற இடத்தைப் படிகளின் விகிதம் சொல்கிறது. கதிர்முனையின் தலையில் 1 சேர்த்தால் 1489631109120000. இது சிந்தையின் சரியான 20 மடங்கு. குரல்வளைப்படியின் தலையில் 5 சேர்த்தால் 59585244364800000. இது திருத்திய கதிர்முனையின் சரியான 40 மடங்கு. வெள்ளத்தின் தலையில் 3 சேர்த்தால் 3575114661888000000. குரல்வளைப்படியின் 60 மடங்கு. நுண்மணலின் தலையில் 3 சேர்த்தால் 357511466188800000000. வெள்ளத்தின் 100 மடங்கு. நான்கு வரிகளிலும் தலை இலக்கம் உதிர்ந்திருக்கிறது. வெண்பாவின் யாப்பு, விடுபட்டது நேரா நிரையா என்றுதான் சொல்லும், சொல்லை உரைக்காது. எண்ணின் யாப்போ விடுபட்ட எழுத்தையே உரைக்கிறது.

இறுதி வரியின் சாட்சியம்

இங்கே பதிப்பாசிரியர் அறிந்துகொள்ள வேண்டிய நுட்பம் ஒன்று உண்டு. பிழையோடு அச்சான குரல்வளைப்படியை 60ஆல் பெருக்கிப் பார்த்தால், பிழையோடு அச்சான வெள்ளம் அப்படியே வருகிறது. அதனை 100ஆல் பெருக்கினால் பிழைபட்ட நுண்மணல் வருகிறது. மூன்று பிழை வரிகளும் தமக்குள் ஒத்துப்போகின்றன. அவற்றை மட்டும் ஒப்பிட்டவர் பட்டியல் சரியென்றே கருதுவார். ஒரே பிழையை வழிவழியாகப் படியெடுத்த ஏடுகள் எத்தனை கிடைத்தாலும் அவை ஒரு சாட்சியே ஆகும் என்பது சுவடிப் பதிப்பின் பாலபாடம். எண்ணிலும் அவ்விதியே செல்கிறது. தம்முள் ஒத்திருத்தல் உண்மைக்குச் சான்றாகாது.

வெளிச்சாட்சி கடைசி வரியில் இருக்கிறது. தேர்த்துகளின் இலக்கக் கூட்டுத்தொகை 45; ஒன்பதின் மடங்கு. அதனைப் பிழைபட்ட நுண்மணலால் வகுத்தால் 40.4 என முறிகிறது. திருத்திய நுண்மணலால் வகுத்தால் ஆறரை எனத் தெளிவாக வருகிறது. நடு வரிகள் மறந்துவிட்டதைக் கடைசி வரி நினைவில் வைத்திருக்கிறது. தேர்த்துகளை முதலில் கணக்கிட்டவர் முன்னால் இருந்த நுண்மணல் உதிராத நுண்மணல்தான் என்பதற்கு இதனினும் வலிய சான்று வேண்டுவதில்லை.

எனினும் ஓர் ஐயம் எஞ்சுகிறது. மற்ற படிகள் எல்லாம் முழு மடங்காக, இது மட்டும் ஆறரை மடங்காக இருக்குமா? 65 மடங்காக இருந்து, இறுதிச் சுழியம் ஒன்று விடுபட்டிருக்கலாம் அன்றோ? ஒன்பதின் சோதனை இங்கே உதவாது. சுழியம் போனால் கூட்டுத்தொகை மாறுவதில்லை. அரை என்பதைத் தயங்காமல் ஆளும் தமிழ்க் கணக்கு மரபில் ஆறரையும் இயல்பான அளவே. இதனைத் தீர்க்கவேண்டியவை ஏடுகள், கணக்கன்று. உரைகல்லின் எல்லையை அறிவதும் உரைத்தலின் பகுதியே.

ஏழு பகா எண்கள்

அச்சில் உள்ளபடியே தேர்த்துகளைப் பகாக் காரணிகளாகப் பிரித்தால் 2 இருபத்திரண்டு முறையும், 3 ஐந்து முறையும், 5 எட்டு முறையும், 7 நான்கு முறையும், 11, 13, 17 ஒவ்வொரு முறையும் வருகின்றன. 65 மடங்கு எனக் கொண்டால் 2உம் 5உம் ஒவ்வொன்று கூடும், வேறு மாற்றமில்லை. முதல் ஏழு பகா எண்களும் ஒன்றுவிடாமல் இதில் உள்ளன. எட்டாவதாகிய 19 இல்லை. இவ்வெண்ணை மீதியின்றி வகுக்கும் எண்கள் மொத்தம் 49,680.

சோழர் நிலக்கணக்கின் எண்ணோடு இதனை ஒப்பிட்டால் வரலாறு ஒன்று புலனாகும். அங்கே 2உம் 5உம் மட்டுமே. இங்கே 7, 11, 13, 17. வயலைப் பதினேழாகப் பகுப்பதற்கோ பொன்னைப் பதினொன்றாகப் பகுப்பதற்கோ அன்றாட வழக்கில் தேவை அருகியே இருந்திருக்கும். கீழ்முந்திரி வரை உள்ள படிகள் அளந்தவன் வகுத்தவை. இம்மிக்குக் கீழ்ப்பட்டவை வேறொரு கையின் ஆக்கமாகத் தோன்றுகின்றன. பகுத்தலின் எல்லையைத் தேடிய ஆசிரியரின் கை அது. இரண்டையும் ஒன்றாக்கி, தேர்த்துகள் வரை தமிழர் நாள்தோறும் அளந்தனர் என்பது மிகை. இரண்டும் நம்முடையனவே, ஆனால் ஒன்று தொழிலின் கணக்கு, மற்றது சிந்தையின் கணக்கு. நடுவே நிற்கும் பின்னத்துக்குச் 'சிந்தை' எனப் பெயரிட்டவர் இதனை அறிந்தே இருந்தார் போலும்.

பெரும் எண்ணின் காரணிகளைக் கண்டு அதன் இயல்பு உரைக்கும் கலையை உலகறியச் செய்தவர் ஈரோட்டில் 1887இல் பிறந்த சீனிவாச இராமானுசன். 1993இல் பிரிக்கப்பட்ட நம் பழைய தென்னார்க்காடு மாவட்டத்துக்கும் அவர் வாழ்வில் ஓர் இடம் உண்டு. திருக்கோவிலூரில் துணை ஆட்சியராக இருந்த வி. இராமசாமி ஐயரை அவர் 1910இல் தம் குறிப்பேடுகளோடு வந்து சந்தித்தார். இந்தியக் கணிதக் கழகத்தை 1907இல் தோற்றுவித்தவர் ஐயர். இராமானுசன் 1915இல் இலண்டன் கணிதக் கழக வெளியீட்டில் எழுதிய நெடுங்கட்டுரை, தம்மினும் சிறிய எந்த எண்ணினும் மிகுதியான வகுத்திகளை உடைய எண்களைப் பற்றியது. அத்தகைய எண்ணில் பகா எண் பெரிதாகப் பெரிதாக அது வரும் முறை கூடுவதில்லை என்பது அவர் நிறுவிய இயல்புகளுள் ஒன்று. தேர்த்துகள் அவ்வகையைச் சாராது. அதில் 3 ஐந்து முறையும் 5 எட்டு முறையும் வருகின்றன. அவ்விரண்டையும் இடம் மாற்றினால் வகுத்திகளின் தொகை மாறாமலே எண் நான்கரை மடங்குக்கு மேல் சிறிதாகிவிடும். வகுத்திகளைப் பெருக்கும் நோக்கோடு ஆக்கியது அன்று இது. படிப்படியாக இறங்கி வந்த ஏணி என்பதனை இதுவும் உறுதிசெய்கிறது.

அக்கட்டுரையில் இராமானுசன் தந்த பட்டியலில் 102 எண்கள் உள்ளன. இறுதியானது 6746328388800, அதன் வகுத்திகள் 10,080. இடையே 293318625600 என்னும் ஓர் எண் விடுபட்டுவிட்டது என்பதைப் பின்வந்தோர் கண்டனர். பட்டியலின் இறுதி எண்ணை 23ஆல் வகுத்தால் விடுபட்ட அவ்வெண் அப்படியே கிடைக்கிறது. அங்கும் இறுதி வரியில் மறைந்த வரியின் தடம் இருக்கிறது. விடுபட்டதைச் சுட்டியதால் இராமானுசன் புகழ் குன்றவில்லை. பிழை திருத்துவது முன்னோரைக் குறைகூறுதல் ஆகுமோ என அஞ்சுவோர்க்கு இச்செய்தி போதும்.

முடிவுரை

இந்தப் பட்டியல் பள்ளி விழாக்களில் படிக்கப்படுகிறது. நாட்காட்டியிலும் சிறப்பு மலர்களிலும் அச்சாகிறது. தமிழன் கண்ட நுண்மை என்று தலைப்பிட்டு, உதிர்ந்த இலக்கங்களோடு அதனை வெளியிடுகிறோம். வாசிக்கும் மாணவன் ஒருவன் கதிர்முனையைச் சிந்தையால் வகுத்துப் பார்த்து, மீதி கண்டு, பட்டியல் முழுவதையும் கட்டுக்கதை எனத் தள்ளிவிடக் கூடும். தவறு மூலத்தில் இல்லை, எடுத்தெழுதிய கையில் இருக்கிறது என்று அவனுக்குச் சொல்லத் தமிழாசிரியர்க்குத் தெரிந்திருக்க வேண்டும். சி. வை. தாமோதரம் பிள்ளையும் உ. வே. சாமிநாதையரும் ஒரு சொல்லின் பாடபேதத்துக்காக ஊர் ஊராக ஏடு தேடினர். சொல்லுக்குச் செய்த பணியை எண்ணுக்கும் செய்வது அவர்கள் வழிவந்தோர் கடன்.

நம் வட்டம் தன் பத்தாம் ஆண்டில் செய்யத்தக்க சிறு பணி ஒன்றை முன்வைக்கிறேன். இனி நம் வெளியீடுகளில் இப்பட்டியல் இடம்பெறுமாயின் மேலே திருத்திய வடிவில் இடம்பெறுக. நுண்மணலுக்கும் தேர்த்துகளுக்கும் இடைப்பட்ட மடங்கு ஆறரையா அறுபத்தைந்தா என்னும் வினாவுக்கு விடை காண, தஞ்சைச் சரசுவதி மகாலிலும் சென்னை அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகத்திலும் உள்ள கணக்குச் சுவடிகளை நம்முள் இருவரேனும் சென்று பார்த்து வருக. வெண்பாவில் தளை தட்டினால் பொறுக்காத செவிகள் இவ்வட்டத்தில் பல. அச்செவிகள் எண்ணையும் கேட்கப் பழகினால், ஒரு சுழியத்தின் உண்மையை நிலைநாட்டிய பெருமை விருத்தாசலத்துக்கு உரியதாகும்.